திருமுழுக்கு வாய்பாட்டின் மொழியும் பொருளும்: திண்டுக்கல் வட்டாரக் கிறித்தவ மரபுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவச் சமயத்தின் நுழைவுச் சடங்கைத் தமிழ்க் கிறித்தவர் ‘ஞானஸ்நானம்’ என்றும் ‘திருமுழுக்கு’ என்றும் இருவகையாக வழங்குகின்றனர். இவற்றுள் எது சரியான சொல் என்னும் வினா அடிக்கடி எழுகிறது. சடங்கு செல்லுமா செல்லாதா என்பதை உறுதி செய்வது அதன் பெயர்ச்சொல் அன்று. நீரோடு சேர்த்துச் சொல்லப்படும் வாய்பாட்டில் அமைந்த இறைப்பெயர்களும் வினைமுற்றுமே ஆகும் என்பதையும், அவ்வாய்பாட்டின் பொருளைத் தமிழ் இலக்கணக் கூறுகள் எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருமுழுக்கு, ஞானஸ்நானம், வாய்பாடு, வேற்றுமை, தன்மை ஒருமை, திண்டுக்கல், மதுரை மறைபரப்புப் பணி.

முன்னுரை

திண்டுக்கல் நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களும் பல கிறித்தவ மரபுகள் அருகருகே வாழும் நிலப்பகுதியாகும். இயேசு சபையாரின் மதுரை மறைபரப்புப் பணி வழியாக வளர்ந்த கத்தோலிக்க மரபு இங்குத் தொன்மையானது. நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி 2003ஆம் ஆண்டு தனி மறைமாவட்டமாயிற்று. நகரில் உள்ள புனித வளனார் ஆலயம் அதன் பேராலயம். 1835ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷன் திண்டுக்கல்லில் தன் பணித்தளத்தை நிறுவியது. அம்மரபு 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. இவற்றுடன் பெந்தெகொஸ்தே சபைகளும் பரவியுள்ளன.

இச்சபைகளுக்கிடையே திருமண உறவுகள் நிகழும்போது, மணமக்கள் முன்பு பெற்ற சடங்கு செல்லுமா, மீண்டும் பெறவேண்டுமா என்னும் வினா எழுகிறது. திருமுழுக்கை ஒருமுறைக்கு மேல் அளிக்கலாகாது என்பது கத்தோலிக்கத் திருச்சட்டம். பிற சபையில் பெற்ற திருமுழுக்கையும், அதில் பயன்பட்ட பொருளையும் சொற்களையும் ஆராய்ந்து, ஐயத்திற்கு வலுவான காரணம் இல்லையெனில் ஏற்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 869ஆம் பிரிவு கூறுகிறது. எனவே ‘என்ன சொல்லப்பட்டது’ என்பது ஒரு குடும்பத்தின் நிலையைத் தீர்மானிக்கும் நடைமுறை வினாவுமாகிறது.

சடங்கின் பெயர்

கிரேக்க மூலச்சொல் அமிழ்த்துதல், தோய்த்தல், கழுவுதல் ஆகிய பொருள்களை உடையது. இந்திய மொழிகளுள் தெலுங்கு ‘பாப்திஸ்மமு’ என்றும், இந்தி ‘பப்திஸ்மா’ என்றும் அதனை ஒலிபெயர்த்துக் கொண்டன. மலையாளத்தில் சுரியானிக் கத்தோலிக்கர் ‘மாமோதீசா’ என்னும் சுரியானிச் சொல்லை வழங்க, ‘ஞானஸ்நானம்’, ‘ஸ்நானம்’ ஆகியனவும் வழக்கில் உள்ளன. தமிழோ பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நெறியையே மேற்கொண்டது.

‘ஞானஸ்நானம்’ என்பதிலுள்ள ‘ஞானம்’ அறிவு என்னும் பொருளில் வரவில்லை. ‘ஆன்மிகம் சார்ந்த’ என்னும் அடைப்பொருளில் வருகிறது. ஞானத்தந்தை, ஞானத்தாய், ஞானஒடுக்கம், ஞானோபதேசம் ஆகிய தொடர்கள் இதற்குச் சான்று. உடலைக் கழுவும் குளியலிலிருந்து இச்சடங்கை வேறுபடுத்துவதே அவ்வடையின் பணி. கத்தோலிக்கர் வழங்கிய இச்சொல் சீர்திருத்தச் சபைகளிலும் நிலைபெற்று, வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு வழியாக இன்றும் அங்கு வழங்குகிறது.

‘திருமுழுக்கு’ தூய தமிழ்ச் சொல். ஆயினும் அது கிறித்தவர் புதிதாகப் புனைந்ததன்று. இறைத்திருமேனிக்கு நீராட்டுதலைச் சைவ மரபு திருமுழுக்கு என்றே வழங்கியது. குடமுழுக்கு, மயிலாடுதுறையின் கடைமுழுக்கு ஆகியனவும் இக்குடும்பச் சொற்களே. ஆகவே வடசொல்லைக் களைந்த இடத்தில் கோயில் தமிழ் வந்து அமர்ந்தது எனலாம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இச்சொல்லையே ஆண்டது. பழைய கத்தோலிக்க வழக்கில் ‘ஸ்நாபக அருளப்பர்’ எனவும், பழைய வேதாகமத்தில் ‘யோவான்ஸ்நானன்’ எனவும் குறிக்கப்பட்டவர் அதில் ‘திருமுழுக்கு யோவான்’ ஆனார்.

‘முழுக்கு’ என்பது முழுகுதலை உணர்த்த, தலையில் நீர் ஊற்றும் சடங்கிற்கு அது பொருந்துமா எனச் சிலர் வினவுவர். தொடக்கக் காலத் திருச்சபை நூலான ‘திதாக்கே’ ஓடும் நீரையே முதலிற் பரிந்துரைத்து, போதிய நீர் இல்லாதபோது தலையில் மும்முறை ஊற்றலாம் என்கிறது. ஆகவே இரு முறைகளும் தொன்மையானவை. மேலும், ‘தலைமுழுகுதல்’ என்னும் தமிழ் வழக்கு ஓர் உறவை அறவே விட்டொழித்தலைக் குறிக்கும். தீமையை விட்டுவிடுவதாக வாக்களித்த பின்னரே திருமுழுக்குப் பெறப்படுகிறது. பழைய வாழ்வோடு உறவறுத்தல் என்னும் இப்பொருளை ‘ஸ்நானம்’ என்பதைவிட ‘முழுக்கு’ தெளிவாக உணர்த்துகிறது.

வாய்பாட்டைச் சொன்னவர்கள்

சீர்திருத்தச் சபையார் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தது முதல் தமிழில் வழிபாடு நடத்தினர். கத்தோலிக்கத்தில் குருக்கள் திருமுழுக்கு வாய்பாட்டை இலத்தீனிலேயே சொல்லிவந்தனர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டே வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தது.

எனினும் அதற்கு முன்பே கத்தோலிக்கரிடையே தமிழ் வாய்பாடு தேவைப்பட்ட ஓரிடம் இருந்தது. இறக்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். குருவாக இருத்தல் வேண்டியதில்லை. அப்போது எம்மொழியிலும் சொல்லலாம் என்பது திருச்சபையின் நெறி. குருக்கள் சிலராகவும் ஊர்கள் பலவாகவும் இருந்த மதுரை மறைபரப்புத் தளத்தில் இந்நெறி இன்றியமையாததாயிற்று. பிள்ளைப்பேற்றின்போது உடனிருந்த மருத்துவச்சியும், ஊரில் தங்கிய உபதேசியாருமே இத்தகைய வேளைகளில் உதவக்கூடியவர்கள். எனவே வாய்பாடு சுருக்கமாகவும், எழுதப் படிக்க அறியாதார் நாவிலும் பிறழாததாகவும் இருத்தல் வேண்டியதாயிற்று.

ஒரு சொல் பிறழ்ந்தால் பொருள் என்னாகும் என்பதைத் தமிழ்நாட்டு மறைபரப்பாளர் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். நம்பிக்கை அறிக்கையின் தமிழாக்கத்தில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் அமைந்திருந்ததைக் கண்ட பிரான்சிசு சவேரியார், அதனை விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லாக மாற்றுமாறு தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு மடல் எழுதினார். விரும்புதலும் நம்புதலும் ஒன்றல்ல என்பதே அத்திருத்தத்தின் அடிப்படை.

இறைப்பெயர்களும் திணையும்

வாய்பாட்டின் முதற்கூறு மூன்று பெயர்கள். பழைய கத்தோலிக்க வழக்கில் இவை பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என நின்றன. மூன்றாவது போர்த்துக்கேயச் சொல். சீர்திருத்தச் சபைகள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்றன. இன்றைய கத்தோலிக்க வழக்கு தந்தை, மகன், தூய ஆவியார் என்பது. சொற்கள் மாறினும் சுட்டப்படுவோர் மாறாமையால் இம்மூன்று வழக்குகளும் சடங்கின் தகுதியைக் கெடுப்பதில்லை.

‘ஆவியார்’ என்பதிலுள்ள ‘ஆர்’ விகுதி தனித்து நோக்கத்தக்கது. தமிழில் ‘ஆவி’ அஃறிணைச் சொல். ‘ஆவி வந்தது’ என்பதே இயல்பான முடிபு. மூவொரு கடவுள் கொள்கையின்படி ஆவி ஓர் ஆற்றல் அன்று, ஓர் ஆள். உயர்வுப்பன்மை விகுதி சேர்ந்தவுடன் அச்சொல் உயர்திணையாகி ‘வந்தார்’ என முடிகிறது. சீர்திருத்தச் சபைகளின் ‘ஆவியானவர்’ என்னும் வழக்கும் இத்தேவையிலிருந்து எழுந்ததே. பல மொழிகளில் தனி விளக்கமாகச் சொல்லவேண்டிய இறையியலைத் தமிழ் ஒரு விகுதியால் சொல்லிவிடுகிறது.

இப்பெயர்களை வேறு சொற்களால் பெயர்த்தல் வேறு. விலக்கி அவற்றினிடத்தில் பணிகளை வைத்தல் வேறு. படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர் என்று கூறி அளிக்கப்பட்ட திருமுழுக்குச் செல்லாது என வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் அறிவித்தது. பணிகளின் பெயர்கள் ஆட்களின் பெயர்களாகா என்பதே காரணம். இயேசுவின் பெயரை மட்டும் சொல்லி அளிக்கும் சபைகளின் சடங்கையும் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை.

‘பெயரால்’, ‘நாமத்தில்’: வேற்றுமைப் பொருள்

மூன்று பெயர்களுக்குப் பின் ‘பெயர்’ என்னும் சொல் ஒருமையில் வருகிறது. ஆட்கள் மூவராயினும் கடவுள் ஒருவர் என்பதை அவ்வொருமை குறிக்கிறது. அதனோடு சேரும் உருபில்தான் மரபுகள் வேறுபடுகின்றன. வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘நாமத்திலே’ என ஏழாம் வேற்றுமையைக் கொள்ள, இன்றைய கத்தோலிக்க வழக்கு ‘பெயராலே’ என மூன்றாம் வேற்றுமையைக் கொள்கிறது. மூன்றாவது கருவிப் பொருளையும் அதிகாரத்தையும் உணர்த்தும். ‘அரசின் பெயரால்’ என்னும் தொடரில் அப்பொருளைக் காணலாம்.

மத்தேயு 28:19இன் கிரேக்கத் தொடரோ ‘பெயருக்குள்’, ‘பெயரை நோக்கி’ என்னும் இயக்கப் பொருளை உடையது. அக்காலக் கிரேக்க வணிக ஆவணங்களில் இத்தொடர் ஒருவரது கணக்கில் சேர்த்தலைக் குறித்தது. நிலத்தை ஒருவர் ‘பெயருக்கு’ எழுதிவைத்தல் என்னும் தமிழ் வழக்கு இதற்கு மிக நெருக்கமானது. திருமுழுக்குப் பெறுபவர் கடவுளுக்கு உரியவராகிறார் என்னும் பொருளை இந்நான்காம் வேற்றுமை துல்லியமாகத் தரும். ஆயினும் ‘பெயருக்கு’ என்பது ஒப்புக்காக என்றும் பொருள்படும். ‘பெயருக்குக் கிறித்தவர்’ என்னும் வழக்கு இருக்க, அவ்வுருபை வாய்பாட்டில் ஆள இயலாது. ஆகவே தமிழ் வாய்பாடு அதிகாரப் பொருளை வெளிப்படையாகக் கூறி, உரிமைப் பொருளை மறைக்கல்வியின் விளக்கத்திற்கு விட்டுள்ளது.

வினைமுற்று: கொடுப்பவரும் பெறுபவரும்

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் வெளியான வத்திக்கான் அறிவிப்பு, ‘நான்’ என்பதற்கு மாறாக ‘நாங்கள்’ என்று கூறி அளிக்கப்படும் திருமுழுக்குச் செல்லாது என்றது. அளிப்பவரின் வழியாகக் கிறிஸ்துவே அளிக்கிறார். கூடியிருக்கும் குடும்பமோ சமூகமோ தன் பெயரால் அளிப்பதில்லை என்பது அதன் கருத்து.

தமிழில் ‘கொடுக்கிறேன்’, ‘அளிக்கிறேன்’ என்னும் முற்றுகளின் ‘ஏன்’ விகுதியே தன்மை ஒருமையைக் காட்டிவிடுகிறது. ‘நான்’ தோன்றா எழுவாயாக நிற்கலாம். அது விடுபட்டால் குறையில்லை. இலத்தீன் வினைமுற்றும் இவ்வாறே அமைவதால், ‘நான்’ என்னும் சொல் வாய்பாட்டின் சாரமன்று என்றும் அளிப்பவரின் கருத்தைத் தெளிவாக்கவே சேர்க்கப்பட்டது என்றும் தாமசு அக்குவினாசு விளக்கினார். தமிழில் கவனிக்கவேண்டியது விகுதியே. பணிவு கருதியோ ஒருமைப்பாடு கருதியோ ‘கொடுக்கிறோம்’ என்றால் எழுவாயும் மாறிவிடும். கிழக்குத் திருச்சபைகள் சில, இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார் எனப் படர்க்கையில் கூறுகின்றன. அதுவும் ஏற்கப்படுகிறது, அங்கும் சமூகம் தன்னைக் கொடுப்போராக நிறுத்துவதில்லை.

கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இது செயப்படுபொருள் கொள்ளும் ஒற்றை வினை. தமிழோ ‘உனக்கு’ என நான்காம் வேற்றுமையையும் ஈதல் வினையையும் கொண்டது. தொல்காப்பியர் காலம் தொட்டு நான்காம் வேற்றுமையின் முதன்மைப் பொருள் கொடையை ஏற்பது. எனவே தமிழ் வாய்பாட்டில் திருமுழுக்கு ஒரு கொடையாகிறது, ஏற்பவர் ‘பெறுகிறார்’. முழுக்கு ஞானஸ்நானத்தை வலியுறுத்தும் சபைகளில் ‘ஞானஸ்நானம் எடுத்தார்’ என்னும் வழக்கு மிகுதி. முன்னது குழந்தைக்கும் பொருந்தும். பின்னது தாமே முடிவெடுத்த ஒருவருக்கே பொருந்தும். குழந்தைத் திருமுழுக்குப் பற்றிய நெடிய விவாதம் பெறுதல், எடுத்தல் என்னும் இரு வினைகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பெயரிடுதலும் திருமுழுக்கும்

ஊர் வழக்கில் இச்சடங்கு பெயர் சூட்டும் விழாவாகவும் கருதப்படுகிறது. 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் வெளியிட்ட ஆணை, திருமுழுக்கில் புனிதர் பெயரையே இடவேண்டும் என்றும், உமிழ்நீர் பூசுதல் முதலிய துணைச் சடங்குகளைத் தமிழரின் அருவருப்புக் கருதி விடலாகாது என்றும் வலியுறுத்தியது. சூசை, சவரிமுத்து, ஆரோக்கியசாமி முதலிய பெயர்கள் புனிதர் பெயர் தமிழ் வடிவம் கொண்டமைக்குச் சான்றுகள். எனினும் குழந்தையின் பெயர் அழைப்பதற்கு உரியது. வாய்பாடு ‘பெயர்’ எனக் குறிப்பது இறைவனின் பெயரையே. நெருக்கடி வேளையில் குழந்தைக்குப் பெயரிடாமலும் திருமுழுக்கு நிறைவுறும். இறைப்பெயர் இன்றி நிறைவுறாது.

முடிவுரை

‘ஞானஸ்நானம்’, ‘திருமுழுக்கு’ என்னும் இரண்டும் செல்லத்தக்க சொற்களே. முன்னது சடங்கின் ஆன்மிகத் தன்மையையும், பின்னது பழைய வாழ்வை விட்டொழிக்கும் தன்மையையும் முன்னிறுத்துகின்றன. சபை மாறி மணம் புரிவோரிடம் கேட்கப்படவேண்டியது, எச்சொல்லால் அச்சடங்கு அழைக்கப்பட்டது என்பதன்று. நீர் பயன்பட்டதா, மூவர் பெயரும் சொல்லப்பட்டனவா, அளித்தவர் திருச்சபை செய்வதைச் செய்யக் கருதினாரா என்பனவே உரிய வினாக்கள். இவற்றிற்கு ஆம் என விடை கிடைக்குமிடத்து, ஒரு சபையின் ‘ஞானஸ்நான’ச் சான்றிதழும் மற்றொன்றின் ‘திருமுழுக்கு’ப் பதிவேடும் குறிப்பது ஒரே கொடையையே ஆகும்.