முதியோர் கல்வியும் மக்கள் உரிமையும்

பெங்களூரில் எழும்பிவரும் பெரிய கட்டடங்களின் அருகே தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அங்கே குடியிருப்போர் வடகர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். கூலி நாளன்று மேஸ்திரி நீட்டும் நோட்டுப் புத்தகத்தில் அவர்களிற் சிலர் இன்றும் கட்டைவிரலையே பதிக்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பேர். அதே மாநிலத்தைச் சேர்ந்த யாதகிரி மாவட்டத்திலோ 52 பேரே. நோட்டில் எழுதியிருப்பது ஆறு நாட் கூலியா, ஐந்து நாட் கூலியா என்பது விரல் பதித்தவருக்குத் தெரியாது. ஆதலின் எழுத்தறியாமையை அறிவின் குறை என்று கொள்வதைவிட, கணக்குக் கேட்க இயலாத நிலை என்று கொள்வதே பொருந்தும்.

குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரை அக்குழந்தை 'எதற்காக?' என்று வினவுவதில்லை. நாற்பது வயதுத் தொழிலாளி அவ்வாறு வினவுவார். பகலெல்லாம் கல் சுமந்தவர் இரவில் ஒரு மணி நேரம் சிலேட்டைப் பிடிக்க வேண்டுமானால் அதற்குத் தக்க காரணம் வேண்டும். அக்காரணத்தைக் கண்டுபிடிப்பதே முதியோர் கல்வி ஆசிரியரின் முதல் வேலை. 'அ' என்னும் எழுத்து அதற்குப் பின்னர்தான் வரும்.

இதனை நன்கு உணர்ந்து நடந்த இயக்கம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தையே குறிப்பிடுகிறேன். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்லூரி ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் இதில் முன்னின்றனர். ஊதியம் பெறாத தொண்டர்கள் பல்லாயிரவர் மாலை நேரங்களில் திண்ணைகளிலும் தெருவிளக்கின் அடியிலும் வகுப்பு நடத்தினர். வகுப்புக்கு முன்னதாகவே பாட்டும் வீதி நாடகமும் ஊருக்குள் சென்றன. அகர வரிசையை மனப்பாடம் செய்விக்கும் பழைய முறையை விடுத்து, பட்டா, கூலி போன்று வாழ்க்கையோடு ஒட்டிய சொற்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்துக் காட்டினர். நிலத்துக்குப் பட்டா இல்லாதவர் அச்சொல்லை எழுதக் கற்றால், அடுத்து எழும் கேள்வி இன்னதென்று சொல்லவும் வேண்டுமோ?

கற்க வந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிற் பலர் கல் உடைக்கும் தொழிலாளர். குவாரிகள் குத்தகைதாரர் வசம் இருந்தன. எவ்வளவு கல் உடைத்தோம், எவ்வளவு கூலி சேர வேண்டும் என்பதை உடைத்தவர் அறியார். மாவட்ட நிர்வாகம் இப்பெண்களைக் குழுக்களாக்கிச் சில குவாரிகளை அவர்களுக்கே குத்தகைக்கு வழங்கியது. கணக்கு நோட்டு அவர்கள் கைக்கே வந்தபின் எண்ணும் எழுத்தும் வீண் பாரமாகத் தோன்றவில்லை. ஆட்சியர் அலுவலகத்தின் மனுநாளில் பெண்கள் தாமே கையொப்பமிட்ட விண்ணப்பங்களுடன் வந்து நின்றனர். அக்கையொப்பம் கோணல் மாணலாக இருந்திருக்கலாம்; விண்ணப்பம் செல்லுபடியாவதற்கு அது தடையன்று.

இயக்கத்தில் எவரும் எதிர்பாராத ஒன்று சைக்கிள். வகுப்புக்கு வகுப்பு தொண்டர்கள் சென்றுவர வேண்டியிருந்ததால் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பயிற்சி அளித்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அதைக் கற்றனர். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிள் ஊர்வலம் சென்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவு கிடைக்காமையால் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். முன்புறக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினராம். பஸ்ஸுக்கும் கணவருக்கும் காத்திராமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்ல முடிவதை எந்தப் பாடநூலில் சேர்ப்பது என்று நான் அறியேன்.

அக்காலத்திலேயே ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற சிற்றூரில், வேறொரு வகையில் இது நிகழ்ந்தது. முதியோர் வகுப்பின் வாசகத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை ஒன்று வந்தது. படித்த பெண்கள் அதைத் தம் கதை என்று கண்டனர். தம் ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். கிளர்ச்சி மாநிலம் முழுவதும் பரவி, 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இப்பணிக்கு நேரடியான அரசியல் பொருளே இருந்தது. அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினாலன்றிக் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய இயலாது. சார்ல்ஸ்டன் நகரத்து ஆசிரியை செப்டிமா கிளார்க், உரிமைச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்த காரணத்தால் 1956-இல் வேலையிழந்தார். மறு ஆண்டில், அருகிலிருந்த ஜான்ஸ் தீவில், அவர் முயற்சியால் குடியுரிமைப் பள்ளி தொடங்கிற்று. முன்னால் மளிகைக் கடை, பின்னால் வகுப்பறை. வெள்ளையர் கண்ணில் படாதிருக்க அந்த ஏற்பாடு. முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் முடி திருத்தும் தொழில் செய்தவர். 'நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள்?' என்று மாணவரையே கேட்டார். அரசியல் சட்டத்தோடு, மணியார்டர் பாரம் நிரப்பவும் வெளியூரிலிருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதவும் விரும்புவதாக அவர்கள் கூறினர். அவற்றிலிருந்தே பாடம் ஆரம்பமாயிற்று. கிளார்க்குக்கு உரிய ஓய்வூதியம் 1976-இல்தான் கிடைத்தது.

நம் நாட்டில் எழுத்தறியாதவருக்கும் வாக்கு உண்டு. 1951–52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே சின்னம் பார்த்து வாக்களித்தோம். ஆயினும் வாக்குச் சாவடியைக் கடந்தால் எங்கும் காகிதமே. கட்டடத் தொழிலாளர் நலத்துக்காக 1996-இல் இயற்றப்பட்ட சட்டம், பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் வேலை செய்தவரே உதவிக்குப் பதிவு பெறலாம் என்று விதித்தது. அந்நாட்களுக்குச் சான்று வேண்டும். சான்றோ மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறது.

பெங்களூரில் இரவு வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர் பேசுவது தமிழ். நிரப்ப வேண்டிய விண்ணப்பம் கன்னடம். எந்த எழுத்தை முதலில் கற்பிப்பது? தாய்மொழியில் தொடங்குவதே எளிது என்பர் கல்வி வல்லுநர். ஆயினும் பெயரை மட்டுமேனும் இரு எழுத்திலும் எழுதக் கற்பித்து, நாட்களை எண்ணிக் குறித்துக்கொள்ள ஒரு சிறு நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிடலாம். மேஸ்திரியிடம் ஒன்று இருப்பதுபோல் அவரிடமும் ஒன்று இருக்கும்.