உங்களுக்குத் தெரியுமா? டிப்ஸ் கொடுத்தால் குற்றம்!

அமெரிக்க ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, பில்லில் 15, 20 சதவீதம் டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் முறைப்பார்கள். அதே நாட்டில் ஒரு காலத்தில் டிப்ஸ் சட்டவிரோதம்! 1909இல் வாஷிங்டன் மாநிலம் தடை போட்டது. இன்னும் சில மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. கை நீட்டிக் காசு வாங்குவது பிரபுக்கள் காலத்து ஐரோப்பியப் பழக்கம், குடியரசுக்கு அழகல்ல என்பது அன்றைய வாதம். யார் கேட்டார்கள்? 1926க்குள் எல்லாச் சட்டங்களும் வாபஸ்.

டிப்ஸால் நிஜமாகவே லாபம் பார்த்தவர்கள் முதலாளிகள்தான். படுக்கை வசதி ரயில் பெட்டிகளை நடத்திய புல்மன் கம்பெனி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் போர்ட்டர்களாகச் சேர்த்தது. படுக்கை விரிப்பது, ராத்திரியில் பயணிகளின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, கோட்டுத் தூசியைத் தட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டது. பயணிகள் பலர் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால், யாராக இருந்தாலும் ‘ஜார்ஜ்’தான். 1925இல் போர்ட்டர்கள் சங்கம் வைத்தார்கள். கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைப்பதற்குள் 1937 ஆகிவிட்டது.

இன்றும் அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து ஒரு சென்ட்கூட ஏறவில்லை. டிப்ஸையும் சேர்த்து, மற்ற ஊழியர்களுக்கான குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தொடாவிட்டால்தான் முதலாளி மீதியைத் தர வேண்டும். கலிஃபோர்னியா உள்ளிட்ட 7 மாநிலங்களில் முதலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது: முழுக் கூலி தனி, டிப்ஸ் தனி.