விளையாட்டை எழுதி வைத்தவர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பள்ளித் திடல்களில் விசில் ஒலி கேட்குமிடத்தில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் நிற்பார். கால்பந்தில் எந்தச் சிறுவனை எந்த இடத்தில் நிறுத்துவது, ஒதுங்கி நிற்பவனை எவ்வாறு உள்ளே இழுப்பது, இரண்டே பந்துகளை வைத்துக்கொண்டு 60 பேரை எப்படி ஆடச் செய்வது என்பனவெல்லாம் அவருக்கு அத்துப்படி. பணிநிறைவு நாளில் அவருக்குச் சால்வை அணிவிக்கிறோம்; அந்த அறிவையும் அவரோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

கற்பித்ததை எழுதியும் வைத்த ஒருவர் இதே சென்னையில் வாழ்ந்தார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த ஹாரி குரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர். 1920-இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1924 பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியுடன் மேலாளர்களுள் ஒருவராகவும் அவர் பயணம் செய்தார்.

திடலில் நின்ற அவர் பேனாவையும் கையில் எடுத்தார். விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் அளித்த ஆங்கில நூல் பல பதிப்புகள் கண்டது. 1943-இல் அவர் மறைந்த பின்னரும் பயன்பட்டது. அவரிடம் நேரில் பயின்றவர்கள் சிலரே. அவர் எழுத்தால் பயன்பெற்றவர்கள் அவரைக் கண்டிராதவர்கள்.

எழுத்தின் வலிமையை அவர் பயின்ற கல்லூரியே முன்னர் மெய்ப்பித்திருந்தது. 1891-இல் அங்கே கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், அதன் 13 விதிகளையும் எழுதி உடற்பயிற்சிக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மறு மாதமே அவை கல்லூரி இதழில் அச்சாயின. விளையாட்டு கடல் கடந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் தொடக்ககாலப் பயிற்சியாளர் வால்ட்டர் கேம்ப், அமெரிக்கக் கால்பந்து உள்ளிட்ட விளையாட்டுகளைப் பற்றி ஏறத்தாழ 30 நூல்கள் எழுதினார். அந்த விளையாட்டின் தந்தை என்று அவர் போற்றப்படுவதற்கு, வென்ற ஆட்டங்களோடு எழுதிய பக்கங்களும் காரணம்.

பொருளியலில் 'பொதுப்பண்டம்' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பண்டம் அது. பயிற்சியாளரின் ஒரு மணி நேரம், எதிரில் நிற்கும் மாணவர்களுக்கு மட்டுமே உரியது. அதையே அவர் பத்துப் பக்கங்களில் எழுதிவிட்டால், ஆயிரம் பள்ளிகள் படித்தாலும் அது தேய்வதில்லை. எழுதும் செலவு ஒரு முறைதான், பயனோ தலைமுறைகளுக்கு. அவ்வாறிருந்தும் எழுதுவோர் அரிது. ஏனெனில் எழுதுபவருக்குக் கிடைக்கும் தனிப்பட்ட ஆதாயம் மிகக் குறைவு. இத்தகைய இடத்தில்தான் அரசும் பல்கலைக்கழகமும் துணைநிற்க வேண்டும்.

நூல் இருந்தால் போதுமா, திடல் வேண்டாமா என்று கேட்கலாம். திடல் வேண்டும், உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்காமலும் இருக்க வேண்டும். ஆனால், இடநெருக்கடி மிகுந்த புறநகரில் குறைந்த இடத்தில் ஆடச்செய்யும் உத்தியை எந்த வெளிநாட்டு நூலும் சொல்லாது. அதை அறிந்தவர்கள் நம் ஆசிரியர்களே. அவர்கள் தமிழில் எழுத வேண்டும்.

ஓய்வுபெறும் உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் பத்துப் பக்க அனுபவக் குறிப்பைக் கேட்டுப் பெறட்டும் பள்ளிக்கல்வித் துறை. எழுதத் தயங்குவோர் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அவற்றைச் செம்மைப்படுத்தி வெளியிடட்டும். உரிய மதிப்பூதியமும் வழங்கப்படட்டும். ஒரு சால்வையின் விலையைவிடச் சற்றே கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.