வாய்ப்புண்ணுக்கு வைரஸ் மாத்திரையா?

அம்மாவுக்கு நாக்கில் புற்றுநோய். கரண்ட் (கதிர் சிகிச்சை) வைக்கத் தொடங்கி மூன்றாவது வாரம், வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் அக்கி என்று சொல்லிக் காவி எழுதச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்காரரோ ‘வைரஸாத்தான் இருக்கும்’ என்று அசைக்ளோவிர் அட்டையை நீட்டுகிறார். யாரை நம்புவது என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

காவியை விட்டுவிடலாம். அக்கி என்பது சின்னம்மை வைரஸின் வேலை. வாய்க்குள் வந்தாலும் ஒரு பக்கமாகத்தான் வரும், நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வம். கடைக்காரர் சொன்னதை யோசித்துத்தான் பார்க்க வேண்டும்.

தலை, கழுத்துப் புற்றுக்குப் பொதுவாக வாரம் 5 நாள், நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம், 6, 7 வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை கதிர் கொடுக்கிறார்கள். வாயின் உள்தோல் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகும் தோல். கதிர் அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடும். பழையது உதிரும், மாற்று வராது. இரண்டாம் மூன்றாம் வாரப் புண்ணுக்கு இதுவே போதும், வைரஸ் தேவையில்லை. கதிர் பட்ட இடத்துக்குள்ளேயே, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம் என்று மெத்தென்ற இடங்களில் இருந்தால் பெரும்பாலும் இதுதான். வழித்தால் வருகிற வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சை. அது வைரஸைவிட அடிக்கடி வரும், அதற்கு மருந்தும் வேறு.

ஈறு, மேலண்ணம் போன்ற கெட்டியான இடத்தில் சின்னச் சின்னப் புண்கள் கொத்தாக வந்து ஒன்று சேர்ந்தால் ஹெர்ப்பிஸ் வைரஸைச் சந்தேகிக்கலாம். காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் கொப்புளமாக வருமே, அதே ஆசாமி. சிறு வயதிலேயே நம்மில் பலருக்குள் புகுந்து, முகத்துக்கு வரும் நரம்பின் முடிச்சில் படுத்துக்கிடக்கிறது. கதிர் மட்டும் வைக்கும்போது அது எழுவது குறைவு; கீமோவும் சேர்ந்தால் நிறையவே எழுகிறது. எதிர்ப்புச் சக்தி ரொம்ப இறங்கியவர்களுக்கு அது வாயில் எங்கும் வரும் என்பதால், கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. புண்ணை ஒத்தியெடுத்துச் சோதிக்க வேண்டும்.

கடைக்காரர் நீட்டிய அசைக்ளோவிர் இந்த வைரஸுக்கான மருந்துதான். அது 1970களில் அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் உருவானது. அந்தக் குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன், முனைவர் பட்டமே முடிக்காமல் 1988இல் நோபல் பரிசு வாங்கினார். வரலாறு இவ்வளவு போதும், மாத்திரை வேலை செய்யும் விதம்தான் ருசி.

வைரஸ் பெருக வேண்டுமானால் தன் டிஎன்ஏவைப் பெட்டி பெட்டியாகக் கோத்து நீளமான ரயில் ஓட்ட வேண்டும். அசைக்ளோவிர் அசல் பெட்டி மாதிரியே இருக்கும் போலிப் பெட்டி. ஆனால் யார்டில் சக்கரமில்லாமல் நிற்கிறது. பாஸ்பேட் என்ற சக்கரம் மூன்று மாட்டினால்தான் நகரும். முதல் சக்கரத்தை நம் செல்லின் ஆட்கள் மாட்ட மாட்டார்கள். வைரஸ் கூடவே கூட்டிவந்த தைமிடின் கைனேஸ் என்ற மெக்கானிக் அவசரத்தில் மாட்டிவிடுவார். மிச்சம் இரண்டை நம் ஆட்களே மாட்டுவார்கள். பெட்டி போய் ரயிலில் சேரும். முன்னால் கொக்கி உண்டு, பின்னால் கிடையாது! அடுத்த பெட்டிக்கு வழியில்லை. கோத்த வைரஸ் தொழிலாளியும் கையை எடுக்க முடியாமல் அதிலேயே ஒட்டிக்கொள்கிறார். சங்கம் வைத்துப் போராடவும் முடியாது.

ஆக, தன் விஷத்தை வைரஸே தயார் செய்துகொள்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் மாத்திரை ஏறக்குறைய சும்மா கிடக்கும். வெறும் கதிர்ப் புண்ணுக்கு அதைக் கொடுத்தாலும் ஆறாததற்குக் காரணம் இதுதான். நரம்பில் தூங்கும் வைரஸையும் அது தொடாது. அங்கே ரயிலே ஓடவில்லை. ‘வேரோடு அழிக்கும்’ என்று டானிக், சூரணம் விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சும்மா கிடக்கும் மாத்திரைதானே, போட்டு வைப்போம் என்றும் இருக்க முடியாது. அது வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. கதிரோடு அடிக்கடி கொடுக்கும் சிஸ்பிளாட்டினோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் கீமோ மருந்து. வாய் வலியில் தண்ணீரும் குடிக்காதவருக்கு இரண்டும் சேர்ந்தால் சிக்கல். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவை மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். அதுவரை உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளிக்கட்டும். நாளைக்குக் கதிர் வைக்கப் போகும்போது, வரிசையில் நேரமில்லை என்றாலும், மருத்துவரிடம் அம்மாவின் வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.