புதுச்சேரியில் அவசரமில்லாத ஒரு நாள்

புதுச்சேரிக்கு வரும் பலர், கடலோரம் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதியைச் சுற்றி, மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நடுவே ஓடும் பெரிய வாய்க்காலைத் தாண்டினால் பழைய தமிழர் பகுதி. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம்; வெயிலை அனுசரித்து நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும்.

விடியற்காலை: மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. கிழக்குக் கரை என்பதால் சூரியோதயமும் கிடைக்கும். காந்தி சிலை, 1836இல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் எல்லாம் அருகருகே இருக்கின்றன. அலையைத் தடுக்கப் போட்ட பாறைகளில் இறங்க வேண்டாம், வழுக்கும்.

காலை: கப்ஸ் கோயில் எனப்படும் தேவாலயம், துய்மா வீதி, ஆயி மண்டபம் இருக்கும் பாரதி பூங்கா, மணக்குள விநாயகர் கோயில் என நிதானமாக நடக்கலாம். 1761இல் ஆங்கிலேயர் இந்த நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை.

முற்பகல்: வெயில் ஏறும்போது வாய்க்காலைக் கடந்து, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியிலுள்ள பாரதியார் இல்லத்துக்குப் போங்கள். ஆங்கிலேயர் கையில் சிக்காமலிருக்க 1908இல் இந்த ஊருக்கு வந்த பாரதி, பத்தாண்டுகள் இங்கேயே இருந்தார். அருங்காட்சியகங்களைப் பார்ப்பதாக இருந்தால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கோயில்களிலும் பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணி வரை ஓய்வெடுப்பதே நல்லது.

மாலை: இந்த நேரத்தை வைசியாள் வீதிக்கு ஒதுக்குங்கள். பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலுக்கும் பெரிய வாயிற்கதவுக்கும் உள்ளே அடங்கியிருக்கும். தமிழ் வீடோ தெருவைப் பார்த்துத் திண்ணை போட்டு, மரத்தூண்கள் நிறுத்தி, வழிப்போக்கருக்கும் நிழல் கொடுக்கும். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. எதிர்ச்சாரியில் நின்று ஒன்றை நிமிர்ந்து பாருங்கள்: கீழே திண்ணையும் தாழ்வாரமும், மாடியில் வளைவு வைத்த சன்னல்களும் சுண்ணாம்புப் பூச்சு அலங்காரமும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்தக் கலப்புக்குச் சான்று. அது பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் மறுபடி கடற்கரைக்கு வந்து காற்று வாங்கலாம்.

பராமரிக்க முடியாமல் இடிக்கப்பட்ட திண்ணை வீடுகள் பல. மிஞ்சியிருப்பவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். புதுச்சேரிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினாலும், அதில் பாதியை வாய்க்காலுக்கு மேற்கே செலவிடுங்கள்.