'ஸ்கிப்' தட்டும் விரல்

பொல்பிட்டியவில் மழை பிடித்துக்கொண்டால் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடைக்குள் ஒதுங்கி ஒரு பிளேன்டீ சொன்னேன். பக்கத்து பெஞ்சில் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பையன், கையில் போன். திரையில் யாரோ உருக்கமாகப் பேசத் தொடங்க, பட்டென்று 'ஸ்கிப்'பைத் தட்டினான்.

"கதை வேணாமா தம்பி?"

"கதைக்கா மாமா கேம்? படம் பாக்கணும்னா படம் பாப்பேன்."

டூம் ஆட்டத்துக்கு 1993இல் நிரல் எழுதிய ஜான் கார்மாக்கும் ஏறத்தாழ இவன் கட்சிதான்: கதை இருந்துவிட்டுப் போகட்டும், முக்கியமில்லை. டெட்ரிஸில் கதையே கிடையாது. விழுகிற கட்டைகளை உலகமே அடுக்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லயத்து வாசலில் கரிக்கோடு கிழித்து, கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் வைத்து ஆடுவது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது, கூடி நின்று வழியை மறிக்கத்தான் முடியும். 'ஆடு', 'புலி' என்ற பெயர்களை எடுத்துவிட்டு வெறும் கல்லென்று சொன்னாலும், பலசாலிகள் சிலரைப் பலவீனர் பலர் மடக்குகிற கதை அங்கேயே கிடக்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, விதியே சொல்லிவிடுகிறது.

பையன் ஆடும் ஃப்ரீ ஃபயரும் அப்படித்தான். ஐம்பது பேர் தீவில் இறங்குகிறார்கள், வட்டம் சுருங்குகிறது. மறுநாள் வகுப்பில், "ரெண்டு பேர் பின்னால வந்தாங்கடா, கையில தோட்டா இல்ல" என்று அவன் சொல்வது கதையில்லாமல் வேறென்ன? அவன் தாண்டிப்போவது கதையையல்ல, கையைக் கட்டி உட்காரவைக்கும் கதையை. அதில் நானும் அவன் பக்கம்தான்.

கதையையும் கையையும் சேர்த்துக் கட்டிய ஆட்டம் ஒன்று நம்மவர்களுடையதே இருக்கிறது: 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். சுடுவது இல்லை, சமையல்தான். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு நைந்து, எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதை ஆடுகிறவரே ஊகிக்க வேண்டும். தப்பாகிப்போனால் திரும்பவும் முதலிலிருந்து. ஊரை விட்டு வந்தவளுக்கு என்னென்ன கைநழுவிப்போனது என்று எவரும் வசனம் பேசவேண்டாம். அழிந்த வரியில் தடுமாறுகிற நம் விரலுக்கே அது தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஆட்டம். 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது கிடைத்தது. இதையே படமாக எடுத்திருந்தால் நல்ல படமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். தப்புச் செய்து பார்க்க நமக்கு இடமிருந்திருக்காது.

பையனிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லி, புட்டும் அதில் உண்டு என்றேன். பையன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"புட்டுக்குழல்ல மொதல்ல தேங்காப்பூவா, மாவா?"

நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து கடைக்கார அக்கா குரல் கொடுத்தார்: "மொதல்ல அடியில ஓட்டச் சில்லப் போடு. இல்லாட்டி எல்லாம் பானைக்குள்ள போயிரும்."