குப்பியில் வந்த வெட்டிவேர்: கோடைக்கு ஒரு புதுச் சரக்கு

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வாசனைச் சரக்கு வைத்திருக்கும் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "வெயிலுக்குக் குளுமையா ஏதாவது இருக்கா?" நாம் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் எலுமிச்சை மணக்கும் கொலோன், இல்லையென்றால் சந்தனம், மல்லிகை. கோடைக்கென்றே வட இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகப் பூசி வரும் 'ரூ கஸ்' என்ற தைலம் நம் பக்கத்துக் கடைகளில் அபூர்வம். இத்தனைக்கும் அதன் மூலச்சரக்கு, நாட்டு மருந்துக் கடைகளில் நாம் எடை போட்டு விற்கும் வெட்டிவேர்தான். வேரை விற்கும் நம்மில் எத்தனை பேர் அதன் தைலத்தை முகர்ந்து பார்த்திருக்கிறோம்?

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. 'கஸ்' என்பது ஹிந்தியில் வெட்டிவேர். 'ரூ' என்ற அரபுச் சொல்லுக்கு ஆவி, உயிர் என்று பொருள். வடக்கே கடிதம் எழுதிச் சரக்கு வரவழைப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 'கஸ்கஸ்' என்று எழுதினால் கசகசா வந்து சேரலாம். அந்தச் சொல் இரண்டுக்குமே அங்கு வழங்குகிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இந்த வாசனையின் பெயர் 'வெட்டிவர்'. அது நம் தமிழ்ச் சொல்லேதான். பாரிஸ் நகரக் கண்ணாடி அலமாரிகளில் நம் மொழிச் சொல்லை ஒட்டி வைத்து விற்கிறார்கள். நாம் அந்த வேரைப் பானைத் தண்ணீரோடும் மாலையோடும் நிறுத்திக் கொண்டோம்.

இந்தத் தைலத்துக்குப் பெயர் பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ். கான்பூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்குள்ள முறை மிகப் பழையது. 'தேக்' எனப்படும் பெரிய செப்பு அண்டாவில் வேரையும் தண்ணீரையும் போட்டு, மூடியைப் பஞ்சும் களிமண்ணும் வைத்து அடைத்து, விறகு, வரட்டி கொண்டு எரிக்கிறார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக இறங்கி, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வைத்த 'பப்கா' என்ற செப்புக் குடத்தில் குளிர்ந்து சேர்கிறது. வெட்டிவேர் எண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஒரு ஈடு முடிய ஒரு நாள் முழுக்க ஆகலாம். எண்ணெயின் கனமும் தண்ணீரின் கனமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், மற்ற எண்ணெய்களைப் போலச் சட்டென்று மேலே மிதந்து பிரிவதுமில்லை. பொறுமையாக நின்று பிரித்தெடுக்க வேண்டும். நூறு கிலோ உலர்ந்த வேரிலிருந்து ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் அது நல்ல வேர். காட்டு வேரில் அவ்வளவும் தேறாது. விலை ஏன் கிராம் கணக்கில் பேசப்படுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கே வியாபாரிக்கு முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. வேரின் எண்ணெய் மட்டும் என்றால் அது 'ரூ'. பப்காவில் முன்கூட்டியே சந்தன எண்ணெயை ஊற்றி வைத்து, அதிலேயே ஆவியை இறக்கினால் அது 'அத்தர்'. சந்தன விலை ஏறிய பிறகு பலர் சந்தனத்துக்குப் பதிலாகத் திரவப் பாரஃபினையோ, பிளாஸ்டிக்கை இளக்கப் பயன்படும் டி.ஓ.பி. என்ற திரவத்தையோ அடிச்சரக்காக வைக்கிறார்கள். மூன்றுக்கும் மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் 'கஸ்' என்றுதான் இருக்கும். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே "கஸ் என்ன விலை?" என்று கேட்பதே தவறு. ரூவா, அத்தரா, அத்தர் என்றால் எந்த அடியில் இறக்கியது என்று கேட்க வேண்டும்.

வேரிலும் இரண்டு வகை. ராஜஸ்தானின் பரத்பூர் போன்ற வட பகுதிகளில் தானாக வளரும் புல் விதை கட்டும். கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் நம்மவர்கள் பயிரிடுவது தூர் பிரித்து நடும் வகை. ஜாவா, ஹைட்டி நாடுகளில் பயிராவதும் இந்த இனமே. இரண்டின் எண்ணெயும் வேதியியல்படி ஒன்றல்ல. ஆய்வகத்தில் ஒளியை ஒன்று இடப்பக்கமாகவும் மற்றது வலப்பக்கமாகவும் திருப்பும். மணத்தில் வட நாட்டு எண்ணெய் பச்சை மண்ணாகவும் இனிப்பாகவும், நம் எண்ணெய் கட்டை வாசமும் லேசான புகையுமாக இருக்கும். எது உயர்ந்தது என்று வாதிடுவது வீண். வாடிக்கையாளருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும். போகிற போக்கில் ஒன்று: விலாமிச்சை வேர் என்று விற்பது வேறு செடி. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கலந்து விற்கும் பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பதற்காகச் சென்ற சித்திரையில் மூன்று மாதிரிகளை வரவழைத்தேன். ஒன்று ரூ கஸ். இரண்டாவது சந்தன எண்ணெயில் இறக்கிய கஸ் அத்தர். மூன்றாவது சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கரும்பச்சைக் குப்பி. கெட்டிக் காகிதத்தை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் பெயரையும் நேரத்தையும் எழுதி, காலை பத்து மணிக்கு ஒரு சொட்டு வைத்தோம். குப்பியைத் திறந்ததும் எல்லோரும் கை காட்டியது மலிவுச் சரக்கைத்தான். சர்பத் கடையின் பச்சை வாசம், எலுமிச்சைத் துடிப்பு, உடனே ஒரு குளுமை. ரூ கஸ்ஸை முகர்ந்த கடைப் பையன் முகத்தைச் சுளித்து, "என்னங்க அண்ணாச்சி, உருளைக்கிழங்கு மூட்டை வாடை அடிக்குது" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. முதல் ஐந்து நிமிடம் அது கரடுமுரடான மண் வாடையும் புகையும்தான்.

அரை மணி கழித்து நிலைமை மாறத் தொடங்கியது. ரூ வைத்த காகிதத்தில் புகை அடங்கி, புதுப் பானையில் தண்ணீர் ஊற்றியதும் எழும் வாசம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடந்தபோது, வேர்வையோடு சேர்ந்து அது இன்னும் திறந்துகொண்டது. மலிவுச் சரக்கு அதற்குள் காலி. வெல்லப்பாகு போன்ற ஒரு மந்தமான இனிப்பு மட்டும் மிச்சம். சந்தன அத்தர் தொடக்கத்திலிருந்தே மென்மை. ரூவை விட இனிப்பாகவும் அடக்கமாகவும் மாலை வரை நின்றது. மறுநாள் கடை திறந்தபோது ரூ காகிதத்தில் வாசம் அப்படியே இருந்தது. முதல் நாள் முகம் சுளித்த பையன் அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

காரணம் எளிது. எலுமிச்சை வாசத்தைத் தரும் மூலக்கூறுகள் சிறியவை; சூட்டில் நிமிடங்களில் பறந்துவிடும். வெட்டிவேரின் மூலக்கூறுகள் அவற்றைவிடப் பெரியவை, கனமானவை. உடம்புச் சூடு அவற்றைத் துரத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிக்கொண்டே இருக்கும். குப்பியைத் திறந்து ஐந்து விநாடி முகர்ந்து வாங்குவதுதான் நம் கடைகளில் வழக்கம். அந்தச் சோதனையில் போலி ஜெயிக்கும், அசல் தோற்கும். ரூ கஸ்ஸை வாங்கி வைத்து "போகவில்லை" என்று கைவிடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் காட்டியிருப்பார்கள். வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, மற்றச் சரக்குகளைக் கட்டி முடித்துப் பில் போடும்போது மறுபடி முகரச் சொல்லுங்கள். அல்லது காலையிலேயே சொட்டு வைத்த காகிதத்தை மேசையில் வைத்திருங்கள். அதுவே பேசும்.

கலப்படம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பச்சை நிறத்தை நம்ப வேண்டாம். செப்பு அண்டாவில் காய்ச்சிய எண்ணெய், அதிலுள்ள அமிலங்கள் செம்போடு சேர்வதால், பசுமை கலந்த நிறம் பெறும் என்பது உண்மை. எஃகுக் கலத்தில் நீராவியால் இறக்கிய நல்ல எண்ணெய் தேன் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். சாயம் போட்டுப் பச்சையாக்குவதோ எவராலும் முடியும். சுத்தமான ஸ்பிரிட்டில் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினால், திரவப் பாரஃபின் கலந்திருந்தால் கரையாமல் கலங்கி நிற்கும். ஆனால் டி.ஓ.பி. ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், இந்தச் சோதனைக்கு அது பிடிபடாது. கோரைக்கிழங்கு எண்ணெய் கலந்தாலும் மூக்கால் கண்டுபிடிப்பது சிரமம். அதன் மணமும் மண், கட்டை வகையே. பெரிய தொகைக்கு வாங்குபவர்கள் ஆய்வறிக்கை கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. 1991-இல் மத்திய அரசு கன்னோஜில் ஏற்படுத்திய நறுமணம், சுவை மேம்பாட்டு மையத்தில் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகிறார்கள்.

அளவிலும் ஏமாற்றம் உண்டு. தோலா என்பது 11.66 கிராம். சிலர் பத்து மில்லிக் குப்பியையே தோலா என்று கணக்குக் கட்டுகிறார்கள். கிராமில் விலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பனைக்குப் பெரிய குப்பி வேண்டாம். இரண்டு மில்லி, மூன்று மில்லிக் குப்பி போதும். ஒரு மில்லியில் சுமார் இருபது சொட்டு. நாளைக்கு ஒரு சொட்டு என்றால் மூன்று மில்லி இரண்டு மாதம் வரும். கோடை முழுக்கப் போதும் என்று சொன்னால் விலை பெரிதாகத் தோன்றாது. வாடிக்கையாளர் எதிரில் அளந்து ஊற்றுவது ஒரு வகை. முன்கூட்டியே அடைத்துச் சீட்டு ஒட்டி வைப்பது இன்னொரு வகை. சீட்டில் அடைத்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் எழுதிவிடுவது நல்லது. ஸ்பிரிட் கலவாத வாசனை வேண்டும் என்று கேட்கும் இஸ்லாமிய வாடிக்கையாளர்களிடம் இதற்கு நல்ல வரவேற்பு உண்டு. வெள்ளை வேட்டி, சட்டையில் நேரடியாகப் பூசினால் கறை படியும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். முதல்முறை பூசுபவர்கள் முழங்கையின் உட்புறம் ஒரு சிறு பொட்டு வைத்து, அரிப்பு இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. சர்பத்தில் விடலாமா என்று கேட்பவர்களுக்குக் கூடாது என்றே பதில். பூசுவதற்கென்று வரும் சரக்கு குடிப்பதற்கு அல்ல.

கோடைச் சரக்கு ஆடிக்குள் தீராவிட்டால் முதல் முடங்குமே என்ற பயம் நியாயமானது. எலுமிச்சைக் கொலோன் அடுத்த ஆண்டுக்குள் புளித்த வாடை எடுக்கலாம். வெட்டிவேர் எண்ணெய் அப்படியல்ல; வைக்க வைக்கக் காய்ச்சிய வாடை அடங்கி மணம் முதிரும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், பிளாஸ்டிக் படாமல், கழுத்து வரை நிரப்பி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முதல் கொள்முதலாக ஐம்பது கிராம் போதுமானது. மாதிரி வந்து, காகிதத்தில் ஒரு நாள் முழுக்கச் சோதித்து, பிறகு சரக்கு வந்து சேரவும் நாள் பிடிக்கும். ஆகவே சித்திரைக்கு விற்க நினைப்பவர்கள் தை கடைசியிலேயே எழுதிவிட வேண்டும்.